ஐஸ் ஹவுஸ்: ஜன்னல்களைக் கழித்துவிட்டுப் பார்த்தால்

சென்னைக் கடற்கரைச் சாலையில் போகிற யாரும் விவேகானந்தர் இல்லத்தைப் பார்க்காமல் தாண்ட முடியாது. வளைந்த முகப்பு, அடுக்கடுக்காக ஜன்னல்கள், கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிற ஒரு பெரிய உருளை. படம் எடுக்கிறவர்கள் எல்லாரும் அந்த ஜன்னல்களைத்தான் எடுக்கிறார்கள். எனக்கு இந்தக் கட்டடத்தோடு இருக்கிற வழக்கே அந்த ஜன்னல்கள்தான். 1842ல் இதைக் கட்டியவர்களுக்கு வெயில் எதிரி, காற்றும் எதிரி. ஜன்னல் என்றால் அவர்கள் கணக்கில் அது ஓட்டை. இன்றைக்கு நாம் "என்ன அழகான மாளிகை" என்று ரசிப்பதில் பாதி, கட்டியவர்கள் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்கிற சமாச்சாரம்.

அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைப் பதுக்கி வைக்கக் கட்டிய கிடங்கு இது என்பது பலருக்கும் தெரியும். ஊர்ப்பேரே சொல்லிக் கொடுத்துவிடுகிறது. பஸ் ஸ்டாப் ஐஸ் ஹவுஸ், போலீஸ் ஸ்டேஷன் ஐஸ் ஹவுஸ். இன்றைய டாக்டர் பெசன்ட் சாலைக்கும் முன்னால் ஐஸ் ஹவுஸ் ரோடு என்றுதான் பெயர். "அப்படியா, சார்!" என்று வியந்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம். ஆனால் பனிக்கட்டியை வைக்க ஒரு கட்டடம் எப்படி இருக்க வேண்டும், இது அப்படி இருக்கிறதா, பிறகு இதை மாற்றியவர்கள் எதைக் கெடுத்தார்கள், எதைச் சேர்த்தார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. இந்தக் கட்டுரை அதைப் பற்றி.

நான் சிவில் படித்தவன் இல்லை. படித்தது பி.இ., பிழைப்பு சாஃப்ட்வேர். ஆனால் விருத்தாசலத்துக்காரன். எங்க ஊரை வெளியூர்க்காரர்கள் விருத்தகிரீஸ்வரர் கோயிலுக்காகவோ ரயில்வே ஜங்ஷனுக்காகவோ தெரிந்து வைத்திருப்பார்கள். உள்ளூரில் இன்னொரு அடையாளம் செராமிக். அகல் விளக்கு, கொலு பொம்மை, ஃபியூஸ் கட்டை, இன்சுலேட்டர் என்று ஏதாவது ஒன்றை ஏதாவது ஒரு பட்டறை சுட்டுக்கொண்டே இருக்கும். சூளை இருக்கிற ஊரில் வளர்ந்தவனுக்குச் சுவரின் கனம் என்றால் என்ன என்பது தானாகப் புரிந்துவிடும். உள்ளே 1200 டிகிரி. வெளியே ஆள் நின்று டீ குடித்துக்கொண்டிருப்பார். நடுவில் இருப்பது சுவர் மட்டும்.

அந்தச் சுவரில் ஒரு சூட்சுமம் உண்டு. சூளைக்குப் போடுகிற வெப்பத்தடுப்புச் செங்கலில் ஒரு வகைக்கு, களிமண்ணோடு மரத்தூளைக் கலந்து பிசைவார்கள். சுடும்போது மரத்தூள் எரிந்து போய்விடும்; அது இருந்த இடமெல்லாம் சின்னச் சின்னப் பொந்துகளாக நின்றுவிடும். அந்தப் பொந்துகளில் அடைபட்ட காற்றுதான் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைப்பது. கல் லேசாக, தண்ணீரில் போட்டால் மிதக்குமோ என்கிற மாதிரி இருக்கும். பனிக்கட்டி வியாபாரத்தின் உயிரும் இதே மரத்தூள்தான். பாஸ்டன் பக்கத்து மரம் அறுக்கும் ஆலைகளில் குப்பையாகக் கிடந்ததை அள்ளி, கட்டிகளைச் சுற்றித் திணித்து அனுப்பினார்கள். அங்கேயும் வேலை செய்தது மரமில்லை, மரத்தூளுக்கு நடுவில் அடைபட்ட காற்று. சூடு உள்ளேயிருந்து வெளியே போகக்கூடாது என்பது சூளையின் கவலை. வெளியேயிருந்து உள்ளே வரக்கூடாது என்பது ஐஸ் ஹவுஸின் கவலை. இரண்டுக்கும் கணக்கு ஒன்றே. அம்புக்குறி மட்டும் திரும்பியிருக்கும்.

இந்த வியாபாரத்தைத் தொடங்கியவர் பாஸ்டனைச் சேர்ந்த ஃப்ரெடரிக் டியூடர். 1806ல் மார்டினிக் தீவுக்கு முதல் சரக்கை அனுப்பியபோது ஊரே சிரித்தது. 1833ல் டஸ்கனி என்ற கப்பலில் கல்கத்தாவுக்கு அனுப்பியது ஏறக்குறைய 180 டன். நாலு மாதக் கடல் பயணத்தில் வெப்ப மண்டலத்தைத் தாண்டி வந்து சேர்ந்தபோது சுமார் 100 டன் மிச்சம். முக்கால்வாசி கரைந்திருக்கும் என்று நாம் நினைப்போம். பாதிக்கு மேல் தப்பியிருக்கிறது. இதற்கு மரத்தூள் ஒரு காரணம். இன்னொரு காரணம் பனிக்கட்டியின் சொந்தக் குணம்: ஒரு கிலோ பனியை உருக்க ஆகும் வெப்பம், ஒரு கிலோ தண்ணீரை 0 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குச் சூடாக்க ஆகும் வெப்பத்துக்குச் சமம். லேசில் மசியாத பொருள்.

மூன்றாவது காரணம் அளவு. ஒரு மீட்டர் கனசதுரப் பனிக்கட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஒரு கனமீட்டர் சரக்குக்கு ஆறு சதுரமீட்டர் மேற்பரப்பு வெயிலுக்குக் காட்டியபடி இருக்கும். பத்து மீட்டர் கனசதுரமாக அடுக்கினால் ஒரு கனமீட்டருக்கு 0.6 சதுரமீட்டர்தான். குவித்து வைத்தால் பனி தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ளும். அதனால்தான் ஐஸ் கிடங்கு என்பது கொஞ்சம் கொஞ்சமாகப் பல அறைகளில் பிரித்து வைக்கிற கட்டடமாக இருக்க முடியாது. உள்ளே ஒரே பெரிய வயிறு வேண்டும்.

இப்போது அந்த வளைந்த சுவரைப் பாருங்கள். ஒரே பரப்பளவுள்ள தரையைச் சதுரமாகச் சுவர் எழுப்பி வளைப்பதைவிட வட்டமாக வளைத்தால் சுவரின் நீளம் சுமார் 11 சதவீதம் குறையும். பள்ளிக்கூட வடிவியல்தான், பேப்பரில் போட்டுப் பார்க்கலாம். சுவர் குறைந்தால் வெப்பம் நுழையும் வழியும் குறையும். அதோடு, வட்டத்துக்கு மூலை கிடையாது. மூலையில் இரண்டு பக்கமிருந்தும் சூடு வாங்குகிற கட்டிதான் முதலில் கரையும். இந்த முகப்பைக் "காலனியக் காலக் கம்பீரம்" என்று வர்ணிக்கிற எழுத்துகளைப் படிக்கும்போது எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கும். கம்பீரம் இருக்கட்டும். ஃபிளாஸ்க் ஏன் உருண்டையாக இருக்கிறதோ, அதே காரணம் இதற்கும் பொருந்துகிறது.

கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்று ஊர்களிலும் டியூடரின் வியாபாரத்துக்குக் கிடங்குகள் இருந்தன. இன்று நிற்பது சென்னையில் மட்டும். இந்த ஒரு காரணத்துக்காகவே, ஒரு தொழில்நுட்பச் சான்றாக இதற்கு உலக அளவில் மதிப்பு உண்டு. வால்டன் குளக்கரையில் குடிசை போட்டு வாழ்ந்த தோரோ, 1846-47 குளிர்காலத்தில் அந்தக் குளத்தில் டியூடரின் ஆட்கள் பனி வெட்டியதைப் பார்த்து, அது சென்னைக்கும் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் போய்ச் சேர்வதைத் தன் 'வால்டன்' நூலில் எழுதியிருக்கிறார். அந்த நூலை வாசித்த எத்தனை பேர் திருவல்லிக்கேணி பக்கம் வந்து இந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்திருப்பார்கள்?

அடுத்தது கடல். இது கடலோர மாளிகை என்கிறோம். இன்றைக்கு வாசலில் நின்றால் சாலை, சர்வீஸ் ரோடு, அப்புறம் கால் புதையப் புதைய மணல், அதற்கப்புறம்தான் அலை. நாலு மாதம் கடலில் பொத்திப் பொத்திக் கொண்டுவந்த சரக்கை இந்த மணல்வெளி முழுக்க வெயிலில் தூக்கிக்கொண்டு வந்திருப்பார்களா? மாட்டார்கள். அந்த மணல் அப்போது இல்லை. சென்னைக்கு அன்று துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்க, மசூலா படகுகள்தான் அலையைக் கிழித்துக்கொண்டு சரக்கைக் கரை சேர்த்தன. கரை கட்டடத்துக்குப் பக்கத்தில் இருந்தது. 1870களின் நடுவில் துறைமுக வேலை தொடங்கிய பிறகு, தெற்கிலிருந்து வடக்கே கடலோடு நகர்ந்து போகிற மணலை அதன் சுவர்கள் மறித்தன. தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் அரித்தது. சேர்ந்த மணலுக்கு ஓரமாக 1884ல் கவர்னர் கிராண்ட் டஃப் நடைபாதை போட்டு மெரினா என்று பெயர் வைத்தார். நாம் பெருமைப்படுகிற அந்தக் கடற்கரையே ஒரு கட்டுமானத்தின் பக்கவிளைவு.

ஆக, இந்தக் கட்டடத்திடமிருந்து முதலில் பறிபோனது சரக்கு. 1874ல் சென்னையிலேயே இயந்திரத்தில் பனிக்கட்டி தயாரிக்க இண்டர்நேஷனல் ஐஸ் கம்பெனி வந்துவிட்டது. சில வருடங்களில் அமெரிக்கப் பனிக்கு வேலை இல்லாமல் போனது. அடுத்துப் பறிபோனது கடல். ஏறக்குறைய ஒரே காலத்தில் இரண்டும்.

பிறகுதான் ஜன்னல்கள் வருகின்றன. காலிக் கிடங்கை வாங்கியவர் சென்னை உயர்நீதிமன்ற வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார். தான் மதித்த நீதிபதி கெர்னான் பெயரில் 'காஸில் கெர்னான்' என்று பெயர் சூட்டினார். கீழ்த்தளங்களில் வளைந்த தாழ்வாரங்கள் வைத்து, சுவரெங்கும் ஜன்னல்கள் திறந்து, வீடாக்கினார். பெயர் கோட்டை; பிறவி கிடங்கு; ஆசை வீடு. பலன்? குடியிருக்கச் சரிப்படவில்லை, காற்றோட்டம் போதவில்லை என்பதுதான் பதிவாகியிருக்கிற தீர்ப்பு. இத்தனை ஜன்னல் இருந்தும் காற்று இல்லையா என்று கேட்பீர்கள். காற்று ஒரு பக்கம் நுழைந்தால் மட்டும் போதாது, இன்னொரு பக்கம் வெளியேறவும் வேண்டும். நம் ஊர் வீடுகளில் வாசலிலிருந்து கொல்லை வரை நேர்கோட்டில் கதவு வைத்ததும், நடுவில் முற்றம் விட்டதும் இதற்காகத்தான். ஒரே பெரிய வயிறாகக் கட்டின கட்டடத்தின் ஓரத்தில் எத்தனை ஓட்டை போட்டாலும் நடு வயிறு புழுங்கத்தான் செய்யும்.

எங்கள் தொழிலில் இது தினப்படிக் கதை. இருபது வருடம் முன்னால் ராத்திரியில் ஓடுகிற பேட்ச் வேலைக்காக எழுதின புரோகிராமுக்கு மேல் பளபளவென்று ஒரு திரையை ஒட்டி, "இனிமேல் இது மொபைல் ஆப்" என்று விற்பார்கள். வெளியே பார்க்க ஜோர். உள்ளே கை வைத்தால் பழைய எலும்பு. பிலிகிரி ஐயங்காரைக் குறை சொல்லவில்லை. அவர் அந்த வீட்டின் பகுதிகளை ஏழை மாணவர்கள் தங்கவும் கொடுத்திருக்கிறார், மனது பெரியது. ஆனால் கட்டடக்கலை என்று பார்த்தால் இன்றைக்கு நாம் பார்க்கிற முகப்பு ஒரு சமரசம். இதை வெற்றிகரமான மாளிகை என்று புகழ்வது கிடங்கையும் மறைக்கிறது, சமரசத்தையும் மறைக்கிறது.

1897 பிப்ரவரியில் மேலை நாடுகளிலிருந்து திரும்பிய விவேகானந்தர் இங்கே ஒன்பது நாள் தங்கினார். அடுத்த மாதமே ராமகிருஷ்ணானந்தர் வந்து, தென்னிந்தியாவின் முதல் ராமகிருஷ்ண மடத்தை இங்கேயே தொடங்கி, சுமார் பத்து வருடம் நடத்தினார். 1902ல் ஐயங்கார் காலமானார், 1906ல் வீடு ஏலத்துக்குப் போனது, 1917ல் அரசு வாங்கியது. 1963ல், விவேகானந்தர் நூற்றாண்டையொட்டி, விவேகானந்தர் இல்லம் என்ற பெயர். 1997ல் ராமகிருஷ்ண மடத்துக்குக் குத்தகை. 1999 முதல் கண்காட்சி. அவரது வாழ்க்கை, இந்தியப் பண்பாடு ஆகியவற்றைச் சொல்லும் ஓவியங்களும் படங்களும் கீழே. அவர் தங்கிய அறை மேலே தியான அறையாக இருக்கிறது. பராமரிப்பில் நான் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அரசுக் கட்டடங்கள் பலவற்றின் கதியைப் பார்த்தால், குத்தகைக்குக் கொடுக்காமல் விட்டிருந்தால் இது என்ன ஆகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

என் விமரிசனம் எடை பற்றியது. 1842லிருந்து எண்ணினால் இந்தக் கட்டடத்துக்கு 180 வயது தாண்டிவிட்டது. அதில் ஒன்பது நாள் மற்ற எல்லாவற்றையும் தன் பெயருக்குக் கீழே கொண்டுவந்துவிட்டது. "அது விவேகானந்தர் நினைவகம், அதில் அவரைத்தானே காட்டுவார்கள்" என்று ஒரு நண்பர் என்னிடம் வாதாடினார். நியாயம்தான். ஆனால் விவேகானந்தரின் வாழ்க்கைப் படங்களை நாட்டில் எந்த ஊரிலும் ஒரு நல்ல மண்டபத்தில் மாட்டலாம். பனிக்கட்டிக் கிடங்கை வேறெங்கும் காட்ட முடியாது, இந்தியாவில் மிஞ்சியது இது ஒன்றுதான். அந்த ஒன்பது நாளுக்குக்கூட இந்தச் சுவர்தான் சாட்சி. சாட்சியை மேடையாக மட்டும் வைத்துக்கொண்டால் எப்படி?

இந்த எடைக்கணக்கில் எனக்கு அதிகம் உறுத்துவது பனிக்கட்டிகூட இல்லை. 1917ல் அரசு வாங்கின பிறகு இங்கே குடியேறியவர்கள் பிராமணக் குழந்தை விதவைகள். அவர்களை அழைத்து வந்தவர் சகோதரி சுப்புலட்சுமி. 1886ல் பிறந்தவர்; பதினோரு வயதில் கணவரை இழந்தவர்; 1911ல் இதே கடற்கரைச் சாலையில் இருக்கிற மாநிலக் கல்லூரியில் பி.ஏ. முடித்து, சென்னை மாகாணத்தின் முதல் இந்துப் பெண் பட்டதாரி என்று பெயர் பெற்றவர். நாலு பெண்களோடு வீட்டில் தொடங்கிய விடுதி வளர்ந்து வளர்ந்து ஐஸ் ஹவுஸுக்கு வந்தது. பக்கத்திலேயே 1922ல் லேடி வெல்லிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி வந்தது, அவரே தலைமையேற்றார். 1940களின் தொடக்கம் வரை, இருபது வருடத்துக்கு மேல், இந்தக் கட்டடம் அந்தப் பெண்களின் வீடாக இருந்தது.

அந்தக் காலத்து வழக்கத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். எட்டு வயது, பத்து வயதுக் குழந்தைக்கு முடியை மழித்து, சமையலறைக்குப் பின்னால் இருட்டு அறையில் உட்கார வைத்து, நல்ல காரியத்துக்குப் போகிறவர்கள் எதிரே வராதே என்று சொல்லி வளர்த்த காலம். அப்படி ஒரு வீட்டிலிருந்து வந்த குழந்தை இங்கே ஒரு ஜன்னலோரம் நின்றால் எதிரே தெரிவது வங்காள விரிகுடா. கட்டியவர்களுக்கு ஓட்டையாகப் பட்டிருக்கக்கூடிய ஜன்னல், குடியிருந்தவருக்குக் காற்று தராத ஜன்னல், அந்தப் பெண்ணுக்கு என்னவாக இருந்திருக்கும்? ஐயங்காரின் ஜன்னல்களுக்கு எதிராக நான் இவ்வளவு வாதாடிய பிறகும், அந்த இருபது வருடத்தை முன்னிட்டு அவற்றை மன்னிக்கத் தயார். வெளியுலகத்தை உள்ளே விடாமல் இருக்கக் கட்டின கனமான சுவர், ஊர்க்கண்ணை உள்ளே விடாமலும் காத்திருக்கும். இந்தக் கட்டடம் எந்தக் குடித்தனத்துக்கு உண்மையிலேயே பொருந்தியது என்று என்னைக் கேட்டால் வழக்கறிஞரைச் சொல்ல மாட்டேன், இவர்களைச் சொல்வேன். கண்காட்சியில் அவர்களுக்கு எத்தனை வரி ஒதுக்கியிருக்கிறது என்று நான் எண்ண வரவில்லை. விவேகானந்தர் அறை எது என்று வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் தெரிகிறது. அந்தப் பெண்கள் எங்கே படுத்தார்கள், எங்கே பாடம் படித்தார்கள் என்பதும் அதே அளவுக்குத் தெரியவேண்டும் என்கிறேன். விவேகானந்தர் பெயரில் இயங்கும் நினைவகத்துக்கு இது அன்னியமான விஷயமும் இல்லை. பெண்கல்வி பற்றி அவர் பேசிய இடத்தில், பேச்சு செயலான கதை இது.

ஒப்பிட்டுப் பார்க்க எங்க பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது. விருத்தாசலத்திலிருந்து சிதம்பரம், சீர்காழி வழியாகப் போனால் தரங்கம்பாடி, டேனிஷ் கோட்டை. தஞ்சை ரகுநாத நாயக்கரோடு 1620ல் ஒப்பந்தம் போட்டு டேனிஷ்காரர்கள் கட்டியது. கீழே வளைவுக் கூரை போட்ட சரக்கறைகள், மேலே கவர்னர் முதலானோர் குடியிருப்பு. கிடங்கும் வீடும் அங்கேயும் ஒன்றுதான், ஆனால் பிறக்கும்போதே அப்படித் திட்டமிட்டது. இப்போது தொல்லியல் துறையின் அருங்காட்சியகம். காட்சிப் பொருள்கள் என்று பார்த்தால் சின்ன சேகரிப்பு, பிரமாதமாகச் சொல்ல முடியாது. இருந்தும் கீழ்த்தள வளைவுக்குள் நுழைந்தால் இது சரக்கறை என்று யாரும் சொல்லாமலே தெரியும். மாடி ஏறினால் கடல்காற்று முகத்தில் அடிக்கும்போது கவர்னர் ஏன் மேலே இருந்தார் என்பதும் தெரியும். கட்டடத்தைப் பேச விட்டிருக்கிறார்கள், ஒருவேளை பணம் இல்லாததால்கூட இருக்கலாம். அங்கே கடல் கிட்டே வருகிறது. கரையோரத்து மாசிலாமணிநாதர் கோயிலின் ஒரு பகுதியையே விழுங்கிவிட்டது. ஐஸ் ஹவுஸில் கடல் விலகிப் போய்விட்டது. இரண்டு கட்டடத்தையும் ஒரே வாரத்தில் பார்த்தால் நம் கரை எவ்வளவு நகர்கிறது என்பது உறைக்கும்.

ஐஸ் ஹவுஸில் இடித்துக் கட்டச் சொல்லவில்லை. பெரிய செலவும் வேண்டாம். சுவரின் ஒரு இடத்தில் குறுக்கு வெட்டுப் படம் ஒன்று, கனம் எத்தனை அடி என்று எழுதி. ஒரு கண்ணாடிப் பெட்டியில் மரத்தூள், கையை விட்டுப் பார்க்கிற மாதிரி. தரையில் ஒரு கோடு, 1842ல் ஜன்னல் இல்லாமல் இந்தச் சுவர் எப்படி நின்றது என்பதற்கு ஒரு மாதிரி. அதோடு ஒரு அறை, சுப்புலட்சுமியின் பெண்களுக்கு, கடலைப் பார்த்த ஜன்னல் உள்ள அறையாக.

அது வருகிறவரைக்கும், போகிறவர்கள் இதைச் செய்யலாம். உள்ளே போனதும் ஏதாவது ஒரு ஜன்னலில் கையை நீட்டி, உள்பக்க விளிம்பிலிருந்து வெளிப்பக்க விளிம்பு வரை சுவரின் கனத்தை அளந்து பாருங்கள். என் கைக்கு எட்டவில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் வெளியே வரும்போது எதிரே ஐஸ் வண்டிக்காரர் நிற்பார். அவர் பெட்டிக்குள் இப்போது மரத்தூள் இல்லை, தெர்மோகோல். அடைபட்ட காற்று அதே காற்றுதான்.